சட்னிக் கவரில் வலை முடிச்சு

போன வாரம் பழவேற்காடு கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் நான்கு இட்லி கட்டித் தரச் சொன்னேன். பிளாஸ்டிக் தடை என்று சுவரில் பெரிதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழேயே நின்றுகொண்டு அந்த ஓட்டல்காரப் பெண் சட்னியைச் சின்னக் கவரில் ஊற்றி, வாயைத் திருகி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள். எனக்கு அத்தையின் முடிச்சு ஞாபகம் வந்துவிட்டது. இந்த வயதில் எதைத் தொட்டாலும் மனசு அங்கேதான் போய் நிற்கிறது. எனக்கே சலித்துவிட்டது.

அத்தை என் அப்பாவின் தங்கை. புருஷன் செத்த பிறகு தோணிரேவில் படகு கட்டும் கரையோரம் கொட்டகை போட்டு இட்லி விற்றாள். எண்பதுகளில் சட்னிக்குக் கவர் வந்தபோது, மீன்பிடிக்கப் போகிற எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். ஏரியில் ஈரக்கையோடு கவரின் மூலையைக் கடித்து, சட்னியை இட்லிமேல் பிழிந்துவிட்டு, கவரைத் தண்ணீரில் வீசிவிடுவோம். கரையில் இருந்த இன்னொரு கடையில் கவரை வாழைநாரால் கட்டுவார்கள். அத்தை மட்டும் நைலான் நூலை எடுத்து, வலை பின்னுகிற முடிச்சையே போடுவாள்.

ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இன்று இந்த இடம் இவனுக்கு என்று ஊர் முறை வைக்கும். அதைப் பாடு என்போம். பாடு வந்த நாளில் கவர்கள் வலைக்கண்ணை அடைத்துக்கொண்டால் நீரோட்டம் வலை கட்டிய கழியையே பிடுங்கிவிடும். அடுத்த முறை வரும்வரை அந்த வீட்டில் அரைவயிறுதான். நாலைந்து பேருக்கு இப்படி ஆனதும் ஊர் கூடிச் சட்டம் போட்டது. சட்னி, சாம்பார் கவரில் தரக்கூடாது. தூக்குச்சட்டி கொண்டுவந்தால் ஊற்றலாம். மீறிக் கொடுத்தால் இறால் பருவம் முடியும்வரை கடை மூடல். ஏரியில் போட்டவனுக்கு அந்தப் பருவத்தில் பாடு கிடையாது.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணமாகி முதல் பாடு வந்தது. விடிகாலையில் வெறுங்கையோடு கடையில் போய் நின்றேன். தூக்கை மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை, சோம்பல்தான்.

“இன்னாடா, தூக்கு எங்க?”

“இன்னிக்கி ஒரு நாள் அத்த. தண்ணி வடிய ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள வலை கட்டணும்.”

முனகிக்கொண்டே கட்டினாள். “ஏரில போட்டுடாத. மடிச்சி எடுத்துனு வந்துடு” என்றாள். தலையாட்டிவிட்டுப் போனேன். பசியில் தின்றுவிட்டுப் பழக்கதோஷத்தில் வீசினேன்.

மறுநாள் பாடுக்காரனின் வலையில் அது வந்தது. மூலைதான் கடிபட்டிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் பெரியவர் அதைத் தூக்கிக் காட்டினார். இது யார் கைமுடிச்சு என்று யாருமே கேட்கவில்லை.

“யாருக்குமா கட்டிக் குடுத்த?”

“ஞாபகம் இல்லீங்க. எத்தினியோ பேர் வராங்க.”

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எழுந்து நான்தான் என்று சொல்ல இரண்டு தடவை காலை ஊன்றினேன். பாடு போய்விடும், புதுப் பெண்டாட்டி முன்னால் மானம் போய்விடும் என்ற பயம் உட்காரவைத்துவிட்டது. அன்றைக்கு நான் கோழை. வேறு பேர் சொல்லி அதை மழுப்ப முடியாது.

கடை மூடியது. அத்தை மீன்கூடை சுமக்கப் போனாள். ஒரு நாள் பேருந்து நிற்கும் இடத்தில் மடக்கி, ஊரில் சொல்லிவிடுகிறேன் என்றேன். “சொல்லி இன்னா பண்ணப் போற? பருவமே முடியப் போவுது. கூடைய தூக்கி வுடு, பஸ்சு வந்துச்சி” என்றாள். தூக்கிவிட்டேன். பருவம் முடிந்து கடையைத் திறந்தபோது எல்லோரும் இன்னொரு கடைக்குப் பழகியிருந்தார்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கொட்டகையைப் பிரித்துவிட்டாள். சாகும்வரை கூடைதான்.

போன வாரம் ஓட்டலை விட்டு வெளியே வந்து நாலடி நடந்ததும், பிளாஸ்டிக் சோதனைக்கு வந்திருந்த அதிகாரி என் கையில் தொங்கிய கவரைப் பார்த்துவிட்டார்.

“பெரியவரே, இது எந்தக் கடையில குடுத்தது?”

ஓட்டலுக்குள்ளே அந்தப் பெண் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“ஞாபகம் இல்லீங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அதைச் சொன்ன அத்தை கடையை இழந்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி அலுத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பிடிக்கப் போனார். வீட்டுக்கு வந்து ரப்பர் பேண்டை இழுத்தேன், உடனே கழன்றுவிட்டது. அத்தையின் முடிச்சை நான் ஒரு நாளும் அவிழ்த்ததில்லை.