தீவாந்தரம் வந்த சம்பந்தியம்மா

எம்மகனுக்குப் பேசுன பொண்ணோட ஆத்தா இன்னைக்கு அவனியாபுரத்துல இருந்து வீடு பாக்க வந்துச்சு.

கம்மா நெறஞ்சு, நாங்க குடியிருக்குற திட்டச் சுத்தித் தண்ணி. நாந்தேன் தோணியில கூட்டியாந்தேன்.

திட்டு எம்புட்டுங்கிறீக? ஒரு வெத்தல மெல்லுறதுக்குள்ள சுத்தி வந்துரலாம். சுத்திக் காட்டுனேன். மருதமரத்துல நாரை கூடு கட்டியிருக்கு. போன வருசம் வந்த அதே நாரை, ஒரு காலு கோணல். அது கெடக்கட்டும்.

அந்தம்மா மூக்கப் பொத்திக்கிட்டே நடந்துச்சு. எம்பொஞ்சாதி வச்ச மீன்கொழம்பத் தொடல.

"பொண்ணக் குடுக்கச் சொல்றீகளா, தீவாந்தரம் அனுப்பச் சொல்றீகளா? கொல பண்ணவனத்தேன் சர்க்காரு கப்பலேத்தி இப்புடித் தண்ணிக்கு நடுவுல விடும். இந்தச் சம்பந்தம் வேணாம்"னுச்சு.

ரெண்டு வருசமாப் பொண்ணு தேடுறோம். தலையக் குனிஞ்ச மகன் நிமிரவேயில்ல.

பெறகு, "பொழுது சாயுது, தோணிய எடுங்கண்ணே"ன்னுச்சு.

"தீவாந்தரம் வந்தவுக திரும்பிப் போனதா நாங் கேள்விப்பட்டதில்லயே, தங்கச்சி"ன்னேன். நான் மட்டும் தோணிய எடுத்துக்கிட்டு இக்கரைக்கு வந்துட்டேன்.

இந்நேரம் மீன்கொழம்பத் தொட்டிருக்கும்.

நீங்களே சொல்லுங்கப்பா. இப்பப் போயிக் கூட்டியாரவா, இன்னொரு வெத்தல போடவா?