அவசர அழைப்பும் அக்காமாரும்

தன்னார்வப் பயிற்சியாளன் என்பவன், யாரும் கேட்காத கேள்விக்குச் சம்பளமில்லாமல் பதில் சொல்பவன். உங்கள் அம்மாவுக்குப் புதிய கைபேசியைப் பழக்கிக் கொடுத்தவர் என்றால் நீங்களும் என் இனம்தான். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளை பெற்று வீடு திரும்பினால், முழுக வார்க்கவும் பத்தியத்துக்குச் சரக்குக்கறி காய்ச்சவும் சில அக்காமார் இருக்கிறார்கள். ஊரில் மருத்துவிச்சிகளோடு நின்று பழகியவர்கள். சனிக்கிழமைகளில் அவர்களுக்கு ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தாய்க்கு இரத்தப்போக்கு மிஞ்சினால் அந்தக் கணமே அவசர உதவியை அழைக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். அதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அலங்காரம்.

முதல் வகுப்பு

ஜெர்மன் சட்டப்படி பிரசவம் பார்க்கும் தொழிலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டம்: ஹெபாமே. என்னுடையதும் அதுவே. அந்தச் சொல்லின் வரலாற்றோடு தொடங்குவதாக ஓர் உரை தயாரித்திருந்தேன். கேட்க யாருக்கும் கொடுப்பினை இல்லை. கதிரைகளை அடுக்கிவிட்டு நான் தொண்டையைச் செருமியதும், மூத்தவரான யோகமக்கா அன்போடு சொன்னார்: “கதிரை எல்லாம் வடிவா அடுக்கிப்போட்டீங்கள் தம்பி. ரீச்சர் எப்ப வருவா?”

பொம்மைக்குக் கண்ணூறு

பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு சிசுப் பொம்மையை இரவல் வாங்கி வந்தேன். வெறும் மேலோடு கிடந்த அதை யாரும் தொடவில்லை. ஓர் அக்கா தன் சால்வையால் சுற்றினார். இன்னொருவர் கண்பட்டுவிடாமல் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தார். அதன் பிறகே வகுப்பு நகர்ந்தது.

பொட்டு எதற்கும் அழியவில்லை. என்னோடு பயிற்சி கொடுக்கும் கிளவுடியாவுக்குக் கண்ணூறு என்றால் என்ன என்பதை, ஒப்பீட்டு மானிடவியல் உட்பட, விரிவாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பள்ளியில் மற்றப் பொம்மைகளுக்கெல்லாம் கை கழன்றுவிட்டது. இதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றுக்கும் வைக்கச் சொல்.”

ஒத்திகை

அழைப்பை எடுக்கும் அலுவலராக நான் நடித்தேன். யோகமக்கா தொலைபேசியைக் காதில் வைத்தார்.

“அவசர உதவி. என்ன நடந்தது?”

“வணக்கம் தம்பி. சுகமா இருக்கிறீங்களோ?”

“அக்கா, இரத்தம் போகுது!”

“ஐயோ, உங்களுக்கோ?”

ஜெர்மனில் நடத்திப் பார்த்தோம். அங்கேயும் முதலில் சுகம் விசாரித்தார். அதுவும் இலக்கணப் பிழையில்லாமல். ஒரு தாய் சாகக் கிடக்கிறாள், முகமன் வேண்டாம் என்று குரலை உயர்த்திவிட்டேன். வகுப்பு முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. யோகமக்கா தொலைபேசியை மெல்ல வைத்தார்: “முகம் தெரியாத பிள்ளையிட்ட எடுத்த எடுப்பில உதவி கேட்கிறது வடிவில்லைத் தம்பி.”

சுமதி

யோகமக்கா முழுக வார்க்கப் போன சுமதிக்கு அது முதல் பிள்ளை. வீட்டுக்கு வந்த சில நாட்களில், முழுகிவிட்டு எழுந்தவளுக்கு இரத்தம் கொட்டத் தொடங்கியது. கணவன் வேலையில், கூட நின்றவர் யோகமக்கா மட்டும்.

செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழி முழுவதும் அந்த “வணக்கம் தம்பி”தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. உடனே அழைத்ததால்தான் காப்பாற்ற முடிந்தது என்று டொக்டர் சொன்னார். சுமதி கண் விழித்துப் பிள்ளையைக் கேட்டாளாம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யோகமக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். பயந்துவிட்டார் என்று நினைத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். அவர் தலையை ஆட்டினார்: “அதில்லைத் தம்பி. போனில ஒரு வணக்கம் கூடச் சொல்லேல்லை. அம்புலன்ஸில வந்த பெடியளைச் சப்பாத்தோட பிள்ளை கிடக்கிற அறைக்குள்ள விட்டிட்டன். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டும் கேட்கேல்லை. அதுகள் எங்களைப் பற்றி என்ன நினைக்குங்கள்?”

நல்ல மனிதர்களைத் தேவையான நேரத்தில் மரியாதை கெட்டவர்களாக்குவதுதான் எங்கள் தொழில் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.