ஏலத்தில் போன என் சேவல்

பிரியமானவர்களே, நான் நன்னிலம் பக்கத்துச் சபையைச் சேர்ந்த எஸ்தர். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். அந்த வாயால் செய்த ஜெபத்தை ஆண்டவர் எப்படிக் கேட்டார் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அந்த வருடம் கார்த்திகைப் புயலில் பூம்புகார் பக்கத்து மீனவக் குடும்பங்கள் நான்கு எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கின. அரிசி கொடுத்தோம், பாய் கொடுத்தோம். ஒருநாள் அவர்களில் ஒருத்தியான அஞ்சலை என்னிடம் சொன்னாள்: "சோறு போடுறீங்க அக்கா, நல்லா இருங்க. ஆனா எத்தனை நாளைக்கு? மீன்புடிக்கிற போட்டு தப்பிச்சிருச்சு, வலைதான் போச்சு. ஒரு வலை இருந்தா நாங்களே பொழச்சுக்குவோம்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வலைக்குப் பதினெட்டாயிரம் வேண்டும். எங்கள் சம்பா நெல்லோ பாதி சாய்ந்து தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அழுதுகொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, துபாயில் சம்பாதித்துப் பூட்டி வைத்திருக்கிறவர்களின் கையைத் திறந்தருளும்!" எதிர்வீட்டு ஸ்டெல்லாவின் புருஷனை மனதில் வைத்துத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாமுவேலும் துபாயில்தான் எலக்ட்ரீஷியன். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அறுப்புப் பண்டிகையில காணிக்கைப் பொருளை ஏலம் விட்டு வலை வாங்கப்போறோம், நீங்க என்னம்மா குடுக்கப்போறீங்க?" என்று சபை உபதேசியார் கேட்டார். பூசணிக்காய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என் சேவல்" என்று வந்துவிட்டது.

ஐயோ, என் ராஜா! கூப்பிட்டால் தோளில் ஏறி உட்காருகிற சேவல். ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். "ஒரு சேவலுக்கா?" என்று சிரித்தார். வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போட அவர் அனுப்பியிருந்த பணம் பேங்கில் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து, ஏலத்தில் நானே ராஜாவை மீட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஏலம் நூறில் ஆரம்பித்தது. இருநூறு என்றேன். உபதேசியார் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "துபாயிலேருந்து ஒரு சகோதரர், பேரு வேண்டாங்கிறாரு, ஐநூறு!" என்றார். ஸ்டெல்லாவைப் பார்த்தேன். சிரித்தாள். அவ்வளவுதான், எனக்கு வைராக்கியம் பிடித்துக்கொண்டது. என் ராஜா இவள் வீட்டுக் குழம்பிலா?

"ஆயிரம்!"

"துபாய், ரெண்டாயிரம்!"

ஐந்து, பத்து என்று ஏறியது. சபையே எழுந்து நின்றது. போதகர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "பதினேழாயிரம்!" என்று கத்தினேன்.

"துபாய், பதினெட்டு!"

உட்கார்ந்துவிட்டேன். வலைக்கான பணம் வந்துவிட்டது என்பதுகூட உறைக்கவில்லை, சேவலுக்காக அழுதேன்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் உபதேசியார் ராஜாவோடு நிற்கிறார். "இங்கயே குடுக்கச் சொன்னாரும்மா" என்று செல்போனை நீட்டினார். என் வீட்டுக்காரர் குரல்.

"எஸ்தரு, ராஜா வந்துட்டானா? நீ அழுதது மனசே கேக்கல. எவளோ ஒருத்தி விடமாட்டேன்னு ஏத்திவிட்டாளாம்! போகட்டும், அந்த டைல்ஸ் பணத்துல எடுத்துக் கட்டிரு."

"அந்த ஒருத்தி நான்தாங்க."

போன் கார்டு தீரும்வரை சிரித்தார்.

உபதேசியாரை முறைத்தேன். "ரெண்டு பக்கமும் தெரிஞ்சுக்கிட்டே ஏத்துனீங்களா?"

"துபாய்க்காரங்க கையைத் திறக்கணும்னு நீங்கதானேம்மா ஜெபிச்சீங்க? நான் குறுக்க நிக்கலாமா?"

வலை வந்தது. பங்குனியில் அஞ்சலை முதல்நாள் பிடித்த மீனோடு வந்து, எங்கள் சிமென்ட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "போட்டுல ராஜான்னு பேரு எழுதிட்டோம்க்கா" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தத் தரையைப் பார்த்து இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவர் கேட்கிறார், நம்பி ஜெபியுங்கள். ஆனால் அடுத்தவர் கையைத் திறக்கச் சொல்லி ஜெபிக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. அவருக்கு உங்கள் வீட்டு விலாசமும் தெரியும்.