கழுவி வைத்திருந்த டியூப்: லப்பைக்குடிக்காட்டில் ஒரு நாள்

தவளைத் தோலில் கிருமியைக் கொல்லும் குட்டிப் புரதங்கள் உண்டு. நோயாளிகளுக்குப் போடும் சிறுநீர் டியூபுக்குள் பல இனக் கிருமிகள் ஒன்றாகச் சேர்ந்து பாசி மாதிரி படியும். தனியே இருந்தால் சாகிற கிருமி, அந்தக் கூட்டுக்குடித்தனத்தில் சாகாது. அந்தப் பாசியை இந்தப் புரதங்கள் உடைக்குமா என்பது என் ஆராய்ச்சி. நிஜ டியூப் ஒன்று வேண்டும் என்றுதான் 2006 ஆடியில் கிளம்பினேன்.

திருச்சியில் 6.10க்குப் பஸ். பெரம்பலூருக்குப் பதினெட்டு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து லப்பைக்குடிக்காட்டுக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். என் ஐஸ் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "மீனாங்க? ஒழுகுச்சுன்னா எறக்கி வுட்ருவேன்" என்றார். திரும்பும்போது அதில் என்ன இருக்கும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

நான் தேடிப்போனது பானு அக்கா வீட்டை. அவர் கணவர் சவூதியில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, மாதம் தவறாமல் குளிர்காய்ச்சல். முந்தின நாள் கழற்றிய டியூபை எடுத்துவைக்கும்படி போனில் கேட்டிருந்தேன். அக்கா அதைப் புதுத் துண்டில் சுற்றி, பளபளவென்று நீட்டினார்.

"வூட்டுக்கு வந்தவங்க கையில அசிங்கத்தையா குடுக்குறது? சுடுதண்ணியில சோப்பு போட்டு மூணு தடவ அலசிட்டேம்மா."

வந்த காரியம் கெட்டதே என்று எரிச்சல்தான் வந்தது. அவர் தொடர்ந்தார்: "இன்னொரு வாட்டி தாங்கும். உங்களுக்காகத்தான் குடுக்குறேன். நேத்து போட்டதும் கழுவுனதுதான்."

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பிளேடால் டியூபை நீளவாக்கில் கிழித்துக் காட்டினேன். உள்சுவர் முழுக்க வழவழப்பு, அப்படியே இருந்தது.

அக்கா விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப அவங்களுக்குக் காய்ச்சலக் குடுத்தது நாந்தானா?"

"கழுவித் திரும்பப் போடக் கூடாதுன்னு கடைக்காரங்க, நர்ஸு, யாருமே சொல்லலயேக்கா."

"உங்க தவள மருந்து எப்ப வரும்?"

"வருஷக்கணக்காகும். வராமயும் போவும்."

உள்ளூர் மருந்துக்கடையில் அந்த அளவில் புது டியூப் இல்லை. மாலை பெரம்பலூரில் கேட்டேன், மறுநாள்தான் வரும் என்றார்கள். தங்கி, வாங்கி, மதிய பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

அந்த டியூபில் இரண்டு இனக் கிருமிகள் வளர்ந்தன. தனித்தனியே இரண்டும் என் புரதத்துக்குச் செத்தன, சேர்ந்திருந்தபோது அசையவில்லை. ஏன் என்று இன்னும் குடைந்துகொண்டிருக்கிறேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், பெட்டிக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும், கழுவ வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள். கையோடு இரண்டு புது டியூப் கொண்டுபோங்கள். எனக்கு அது தோன்றவில்லை. நான் அனுப்பியது போய்ச் சேருவதற்குள் அக்காவின் கணவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.