சுந்தரவல்லி லீவில் இருக்கிறாள்

மேற்குத் தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் சுந்தரவல்லிக்கு ஐம்பத்தாறாவது வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது முதலில் பயம் வந்தது. அடுத்து வந்தது, சொன்னால் வெட்கக்கேடு, சந்தோஷம். ஒன்றரை மாதம் மருத்துவ விடுப்பு! யாருக்கும் டிபன் கட்டாமல், யாரும் வந்து எழுப்பாமல், காலை நீட்டிப் படுத்துக் கிடக்கலாம். வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் ஒரு மனுஷி ஓய்வு வாங்க வேண்டும் என்றால், அது என்ன வீடு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவள் வேலை பார்ப்பதே விடுப்புப் பிரிவில்தான். தற்செயல் விடுப்பான சி.எல்., வேலை செய்து சேர்த்த ஈட்டிய விடுப்பான ஈ.எல்., மெடிக்கல், பிரசவம், சம்பளமில்லாத லீவு என்று எது யாருக்கு உண்டு, எது கிடையாது என்பதை அவளிடம் கேட்டுக்கொண்டுதான் மொத்த அலுவலகமும் ஊருக்குக் கிளம்பும். கல்யாணமான பெண்களுக்குப் பிரசவத்துக்கு ஒரு வருஷம் சம்பளத்தோடு லீவு. அப்படி எத்தனையோ பெண்களுக்கு உத்தரவு எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியவள் அவள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"இத்தனை வருஷம் எனக்கு ஒரு நாள் லீவு வாங்கித் தராத கர்ப்பப்பை, போற போக்குல ஒன்றரை மாசம் வாங்கிக் குடுத்துட்டுப் போகுது பாரு" என்று அலுவலக உதவியாளர் அருள்மேரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

அருள்மேரி சிரிக்கவில்லை. "இன்னா பேச்சு மேடம் இது? வாய கழுவுங்க. நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று திட்டிவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

கல்யாணம் ஆகாததற்கும் இந்த வேலைதான் காரணம். அப்பா இதே துறையில் இருந்தவர். பணியில் இருக்கும்போதே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். கருணை அடிப்படையில் வாரிசு ஒருவருக்கு வேலை என்றார்கள். தம்பி சூர்யநாராயணன் அப்போது அரை டிரவுசர், தங்கை சுப்ரஜா அவனுக்கும் சின்னவள். மூத்த மகளுக்கு வேலை கொடுப்பதில் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குடும்பத்தைக் காப்பாற்றுவேன் என்று சுந்தரவல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரசாங்கம் அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு மறந்துபோனது. வீடு மறக்கவில்லை.

அது அப்பாவின் வேலை. அப்பா எல்லோருக்கும் பொது. ஆகவே வேலையும் பொது, அந்த வேலையில் சேரும் லீவும் பொது. யாரும் கூடி உட்கார்ந்து இப்படி முடிவு செய்யவில்லை. வாசலில் தொங்கும் வீட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போவது போல அவள் லீவை, தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். சுப்ரஜாவின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கிடந்தது அக்காவின் ஈ.எல்.தான். அம்மா படுக்கையில் விழுந்து, அப்புறம் போய்ச் சேரும்வரை ஓடியதும் அதுதான். தம்பி சூரி ஊரப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கினான். பத்திரப்பதிவுக்கு நிற்கவும், ஈ.பி. ஆபீஸுக்கு நடக்கவும், டைல்ஸ் போடுகிறவர்களுக்குக் காவல் இருக்கவும் அக்காவின் சி.எல். கரைந்தது.

"உனக்கென்னக்கா, கவர்மெண்ட் வேலை. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா முடிஞ்சது. எங்க கம்பெனில லீவுன்னு வாயைத் திறந்தாலே முறைக்கிறாங்க" என்பான் சூரி. மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் அவன் மேனேஜர். அவன் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தனக்கென்று அவள் லீவே போட்டதில்லையா? போட்டாள். ஒருமுறை திருப்பதிக்குப் போக எழுதிக் கொடுத்து, டிக்கெட்டும் எடுத்து வைத்தாள். கிளம்புகிற அன்று சூரியின் மகன் கேஷவுக்கு அம்மை வார்த்துவிட்டது. அவன் அம்மா மிருதுளா ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவளுக்கு அன்றைக்கு ஏதோ பெரிய மீட்டிங். பெருமாளைப் பார்க்க வேண்டியவள் ஊரப்பாக்கத்து ஃபிளாட்டில் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஆபரேஷனுக்கு ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சுப்ரஜா தனியார் பள்ளி டீச்சர். "எக்ஸாம் டைம்க்கா, கேட்டாலே கொன்னுடுவாங்க" என்றாள். சூரிக்குக் கம்பெனியில் ஆடிட். மிருதுளா, "ஐயோ அக்கா, எனக்கு மட்டும் உங்களை மாதிரி கவர்மெண்ட் வேலை இருந்திருந்தா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். கடைசியில் அருள்மேரிதான் தன் சி.எல்.லைப் போட்டுவிட்டு, ஒரு பாயையும் ஃபிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். உறவுமுறை என்ன என்று நர்ஸ் கேட்டதற்கு, "ஆபீஸ்தான் எங்க உறவு, எழுதிக்கோ" என்றாள்.

பெருங்களத்தூரில் அப்பா கட்டிய வீட்டுக்கு அவள் திரும்பி வந்த மறுநாள், வாசலில் கார் நின்றது. சூரி, மிருதுளா, கேஷவ், மூன்று பெட்டி, ஒரு சைக்கிள். "ஃபிளாட்டைப் பூட்டிட்டு வந்துட்டோம்க்கா. உன்னைத் தனியா விட்டுட்டு எங்களால எப்படி இருக்க முடியும்?" என்றான் சூரி. சுந்தரவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவி, என்னதான் இருந்தாலும் ரத்தம் என்று நினைத்தாள். ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் மிருதுளா லேப்டாப் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அக்கா, கேஷவைப் பார்த்துக்கிற ஆயாவை ரெண்டு மாசத்துக்கு நிறுத்திட்டோம். ஸ்கூலும் லீவு. உங்ககிட்டன்னா சமத்தா இருப்பான். எப்படியும் நீங்க வீட்டுலதானே இருக்கப்போறீங்க?"

அவ்வளவுதான், விடிந்தது! கேஷவுக்குப் பத்து மணிக்குத் தோசை, அது வெந்ததும் தோசை வேண்டாம், நூடுல்ஸ். சிலிண்டர் வந்தால் கதவைத் திறக்க வேண்டும். சூரிக்கு மத்தியானக் கட்டு சாதம். கம்பெனி கேன்டீன் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், அதுவும் இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிந்ததாம். மூன்று மாதத்துக்குத் தண்ணீர் நிறைந்த வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சூரி அதைக் கேட்டுக்கொண்டு, "வாளியெல்லாம் நீ தூக்கவே கூடாதுக்கா, நான் வந்து தூக்கறேன்" என்றான். அவன் வீட்டுக்கு வரும்போது ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

ஒரு மத்தியானம் கேஷவ் ஜன்னல் கம்பியில் ஏறி உச்சிக்குப் போய்விட்டான். இறங்கத் தெரியவில்லை. "அத்தை, விழுந்துடுவேன் அத்தை!" என்று அலறுகிறான். கை வழுக்குகிறது. வாளி தூக்கக் கூடாது என்ற சட்டம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? இரண்டு கையாலும் வாரி இறக்கினாள். அடிவயிற்றில் என்னவோ வெடுக்கென்று இழுத்தது. சாயங்காலம் பார்த்தால் பாவாடையில் ரத்தம். குழந்தையைச் சொல்லி என்ன, அவன் ஐந்து வயசுப் பிள்ளை, கம்பி இருந்தால் ஏறத்தான் செய்வான்.

"அச்சச்சோ! நல்லா ரெஸ்ட் எடுங்க அக்கா" என்றாள் மிருதுளா. சற்று நேரம் கழித்து, "நாளைக்கு அவனுக்குப் பூரி வேணுமாம்" என்றாள்.

அருள்மேரிதான் மறுபடியும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா தையலைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். "இது ஆற இன்னும் நாளாகும். மேல ஒரு மாசத்துக்கு லீவை நீட்டி எழுதித் தரேன்" என்று பேனாவை எடுத்தார்.

சுந்தரவல்லி சட்டென்று அந்தச் சீட்டின்மேல் கையை வைத்துத் தடுத்தாள். இன்னும் ஒரு மாதமா? "வேண்டாம் டாக்டர்! எனக்கு ஃபிட்னஸ் எழுதிக் குடுத்துடுங்க, நான் டூட்டியில சேர்ந்துடறேன்."

"என்னம்மா பேசறீங்க? நல்லா இருக்கறவங்க வந்து லீவுக்கு எழுதுங்கன்னு உயிரை எடுப்பாங்க. நிக்கவே முடியாத நீங்க ஃபிட்னஸ் கேக்கறீங்க. என்னால முடியாது."

மருத்துவ விடுப்பில் போனவர் உடம்பு சரியாகிவிட்டது என்ற சான்று இல்லாமல் வேலையில் சேர முடியாது. இந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் சுந்தரவல்லி. ஆட்டோவில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு, "அருள்மேரி, மார்க்கெட் பக்கம் விடச் சொல்லு. பட்டாபிராமன் கிளினிக்" என்றாள்.

அருள்மேரி வாயில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் பட்டாபிராமனைத் தெரியாத அரசு ஊழியர் அந்த வட்டாரத்தில் கிடையாது. மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவனுக்கு மஞ்சள் காமாலை, கொடைக்கானல் போய்விட்டு வந்தவனுக்கு முதுகுத்தண்டு வலி என்று அவர் கைராசி அப்படி. அவர் கையெழுத்தைப் பார்த்தாலே சுந்தரவல்லி அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவாள். மிஞ்சிப் பேசினால் ஆளை மறுபரிசோதனைக்கு மெடிக்கல் போர்டுக்கே அனுப்பிவிடுவாள்.

டாக்டர் தலை நிமிராமல் கேட்டார். "எவ்ளோ நாளுக்கு? என்ன வியாதி போடட்டும்?"

"வியாதி வேண்டாம் டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதணும்."

அவர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என் சர்டிஃபிகேட்டை எல்லாம் திருப்பி அனுப்பற மேடம்தானே?"

"ஆமாம்."

"உடம்பு நிஜமா எப்படி இருக்கு?"

"உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை."

பூரண குணமடைந்து பணியில் சேரத் தகுதியுடன் இருக்கிறார் என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். சுந்தரவல்லிக்கு அழுகை வந்தது. வேலைக்கு வந்த நாள் முதல் பொய்ச் சான்றைத் தன் கையால் தொடாதவள், முதல்முதலாக ஒரு பொய்ச் சான்று வாங்கினாள். அதில் அவள் நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தது.

"லீவை கேன்சல் பண்ணிட்டாங்க, ஆபீஸ்ல ஆடிட்டாம்" என்று வீட்டில் சொன்னாள். சூரி கொதித்துப்போனான். "மனுஷங்களா இவங்க? ஆபரேஷன் பண்ண உடம்பைப் போய் வேலைக்கு வான்னு கூப்பிடறாங்களே! கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேண்டாம்?" என்று அரசாங்கத்தைக் கண்டபடி திட்டினான். நிஜமான கோபம். சுந்தரவல்லி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கேஷவை யார் பார்த்துப்பா?" என்றாள் மிருதுளா.

சூரிதான் கடைசியில் அக்காவின் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னான். "இன்னும் நாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோக்கா. ரிட்டயர் ஆயிட்டா எவன்கிட்டயும் லீவு கேட்டு நிக்க வேண்டாம். முழுசா வீட்டுலயே இருக்கலாம். நாங்களும் அந்த ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்கேயே வந்துடறோம்."

அவள் தலையை ஆட்டினாள். கட்டையில் போகிறவரை விடமாட்டார்கள் என்று புரிந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் அலுவலகத்தில் சான்றைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டு, "பாருங்க, கடமை உணர்ச்சின்னா இதுதான். வயித்துல தையல் பிரிச்சு கொஞ்ச நாள்கூட ஆகலை" என்றார். கைதட்டினார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பழைய கோப்புகள் வைக்கும் அறையில் அருள்மேரி ஜமக்காளத்தை விரித்திருந்தாள். ஃபேனைப் போட்டாள். "இன்னா கதை மேடம் இது? வூட்ல படுத்துகினு கீற உடம்ப தூக்கிகினு இங்க வந்து படுக்கிறீங்களே. கேக்கறவன் காறித் துப்புவான்."

"துப்பட்டும்" என்றாள் சுந்தரவல்லி. யாரோ எப்போதோ போட்ட லீவுகளெல்லாம் கட்டிவைத்த கோப்பு மூட்டை ஒன்றை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, அடிவயிற்றைக் கையால் தாங்கியபடி மெல்லச் சாய்ந்தாள். ஒரு சத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

அப்போது போன் அடித்தது. அருள்மேரி எடுத்துப் பார்த்து, "உங்க தம்பி" என்றாள். நீயே பேசு என்று சுந்தரவல்லி சைகை காட்டினாள்.

"யாரு... மேடமா? மேடம் டூட்டில கீறாங்க சார். அர நாள் லீவா? அதெல்லாம் குடுக்க மாட்டாங்க சார், வேலை தலைக்கு மேல கீது. கொழந்தைய நீங்க பாத்துக்கோங்க." போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்கையும் அணைத்தாள்.

"அஞ்சே முக்காலுக்கு எழுப்பிடு அருள்மேரி" என்றாள் சுந்தரவல்லி, கண்ணை மூடிக்கொண்டு. "வீட்டுக்குப் போகணும்."