ஏஞ்சல் மீனுக்கு மழைத்தண்ணீர்

சித்தி எங்கள் சேலையூர் வீட்டுக்கு வந்தபோது ஒரு வாரம் இருப்பாள் என்றுதான் சொன்னார்கள். அவள் கொண்டுவந்த பெட்டியைத் தூக்கிய அப்பாவின் முகம் வேறு சொன்னது. சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அம்மா, "உடம்பு சரியில்ல, ரெஸ்ட் எடுக்க வந்திருக்கா" என்றாள். சித்தியும் ரெஸ்ட்தான் எடுத்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் சுவரிடம் போய்விடுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு ஜுரம் வந்தால் வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறவர்கள் சித்திக்கு மட்டும் ஒன்றும் கொடுக்காதது அநியாயமாகப் பட்டது.

எந்தத் துக்கமானாலும் ஒரு சாமான் வாங்கிவந்தால் தீரும் என்று நம்பியவர் அப்பா. மாற்றலாகிப் போன ஆபீஸ் நண்பரிடமிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு லேசாகுமாம். நாலு நாள் யாரும் அதைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் என்னைச் சாக்காக வைத்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த வளர்ப்பு மீன் கடைக்குச் சித்தியை அனுப்பினார்.

கடைக்குள் நுழைந்த சித்தி ஒரு தொட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு ரூபாய்க் காசு அளவு உடம்பு, வெள்ளி நிறத்தில் கறுப்புக் கோடுகள், மேலும் கீழும் நீண்ட துடுப்புகள். அவசரமே இல்லாத மீன்கள்.

"ஏஞ்சலா? பேஜார் புடிச்ச மீனும்மா அது" என்றார் கடைக்காரர். "உங்க தொட்டி இன்னா ஒசரம் கீது?"

நான் கையால் காட்டினேன்.

"பத்தாது பாப்பா, ஒண்ணரை அடி வோணும். இது ஒசரமா வளரும், றெக்க மடங்கிப்பூடும். வூட்ல போர் தண்ணியா? பாத்திரத்துல வெள்ளையா படியுதா? அதுல இது நிக்காது. மழைத்தண்ணி புடிச்சிக் கலந்துக்கோ. அவசரப்படாத."

அன்றைக்கு மீன் வாங்காமல் திரும்பினோம். வழியில் சித்தி, "ஒண்ணரை அடி ஒசரம் இருக்கணும், இல்லடி?" என்று கேட்டாள். வந்ததிலிருந்து அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அப்பா கண்ணாடிக் கடையில் சொல்லிப் புதுத் தொட்டி செய்துவந்து கூடத்தில் வைத்தார். அது ஐப்பசி மாதம். மொட்டைமாடிக் குழாயிலிருந்து கொட்டிய மழையை அண்டா அண்டாவாகப் பிடித்து, வேட்டித் துணியால் வடிகட்டினாள் சித்தி. ஆற்று மணலைக் கலங்கல் போகும்வரை அலசினாள். அவள் விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அகல இலைச் செடி ஒன்றை நட்டாள். தண்ணீர் பழகட்டும் என்று இரண்டு வாரம் மீனே இல்லாத தொட்டியைக் காவல் காத்தாள். பிறகுதான் நாலு ஏஞ்சல்கள் வந்தன. வளர வளர இரண்டு மட்டும் ஜோடி சேர்ந்துகொண்டு மற்ற இரண்டையும் துரத்தின. துரத்தப்பட்டவற்றைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டோம். கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றுவிட்டால் சித்தி ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் ஏழு மாதமானது.

கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அகல இலைமேல் வரிசை வரிசையாக முட்டைகள் இருந்தன. ஜவ்வரிசியைவிடச் சின்னவை, கண்ணாடி மாதிரி. இரண்டு மீன்களும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவளே சமைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார், அவருடைய அண்ணனோடு. சித்தியைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துத் தொட்டியிடம் இழுத்துப்போனேன்.

"சித்தப்பா, முட்டை பாருங்க. ரெண்டு நாள்ல குஞ்சு வந்துடும்."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நல்லா வச்சிருக்காம்மா" என்றார், தாழ்ந்த குரலில். அவருடைய அண்ணன் தொண்டையைச் செருமினார். ஒரு நீளக் காகிதம் பையிலிருந்து வெளியே வந்தது. சித்தி அதை நின்றபடியே படித்தாள். அப்பா, "வக்கீலைக் கேட்டுட்டுப் போடலாம்மா" என்றார். "என்னத்தைக் கேக்கறது மாமா? அவருக்குப் பொண்ணு பாத்தாச்சாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வந்தவர்களுக்கு அம்மா காபி கொடுக்கவில்லை. அது மரியாதையில்லை என்று எனக்கு அம்மாமேல் கோபம்.

திங்கட்கிழமை காலையில் முட்டைகள் எல்லாம் வெள்ளையாகியிருந்தன. நான் கடைக்கு ஓடினேன்.

"வெள்ளையா பூடுச்சா? அப்போ ரெண்டும் பொட்டையா இருக்கும் பாப்பா" என்றார் கடைக்காரர். "ரெண்டு பொட்டை சேந்துகினு முட்டை போடும். குஞ்சு வராது."

ஓடிவந்து சித்தியிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மீன்கள் அந்த வெள்ளை முட்டைகளை இன்னமும் விசிறிக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்குத் தெரியாதாடி?" என்று கேட்டாள்.

"தெரியாது சித்தி. நாமதான் எடுத்துப் போட்டுடணும்" என்றேன், விஷயம் தெரிந்தவளாக.

அவள் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு அந்த இலையைக் காம்போடு கிள்ளி எடுத்தாள். மீன்கள் சாயங்காலம்வரை அந்த வெற்றிடத்தையே சுற்றிவந்தன. சித்தி என்னைக் கூப்பிட்டு, "இதுங்களைக் கொண்டுபோய்க் கடையிலேயே குடுத்துடு" என்றாள்.

பிளாஸ்டிக் பையில் இரண்டையும் எடுத்துப் போனேன்.

"நல்லாத்தானே கீது, ஏன் பாப்பா?" என்றார் கடைக்காரர்.

"எங்க சித்திக்குக் குட்டி போடற மீன்தான் வேணும்."

அவர் சிரித்தார். ஒரு சின்ன கப்பி மீனைப் பிடித்துப் பையில் விட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்டால் இறுகக் கட்டிக் கொடுத்தார். அதன் வயிறு உப்பிக் கறுத்திருந்தது. "இது முட்டைகூடப் போடாது, நேரா குட்டிதான். எந்தத் தண்ணியிலயும் பொழச்சிக்கும். ரெண்டு நாள்ல பாரு."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வழியெல்லாம் ஓடிவந்தேன். சித்தி அறை வாசலில் நின்றிருந்தாள்.

"சித்தி, இதுக்கு வயித்துல குட்டி இருக்கு. ரெண்டே நாள்தான்!"

அவள் பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். என் தலையைத் தடவினாள். பையோடு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

தொட்டி கூடத்தில் இருக்க, அவள் ஏன் மீனை உள்ளே கொண்டுபோகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து கதவைத் தட்டி, சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. நானும் அம்மாவின் பக்கத்தில் நின்று கதவைத் தட்டினேன். "சித்தி, பைக் கட்டை அவிழ்த்துடு, அதுக்கு மூச்சு முட்டும்" என்று கத்தினேன். எனக்கு மீனைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது.