ஓரடி ஆழ மழைநீர் சேகரிப்பு

மழைநீர் சேகரிப்பு அமைக்காத வீடுகளின் தண்ணீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்று அரசு ஆணை வந்த ஆண்டு, பம்மலில் நாங்கள் இருந்த எட்டு வீட்டு அடுக்ககத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. எங்கள் கட்டடத்துக்குத் துண்டிக்கும்படியாக இணைப்பே கிடையாது. போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும், சோப்பு நுரைக்காது. சுற்றிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஓடிய காலத்தில் மண்ணுக்குள் போனதெல்லாம் எங்கள் குழாய் வழியே மேலே வந்துகொண்டிருந்தது. ஆனாலும், இல்லாத இணைப்பு போய்விடுமோ என்று எட்டுக் குடும்பமும் பயந்தோம்.

சங்கச் செயலாளர் மேல்மாடிக்காரர். ஏதோ ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் ஆணையை நிறைவேற்றாமலே நிறைவேற்றியதாகக் காட்டுவதில் வாழ்நாள் அனுபவம் கொண்டவர். நான் இணைச் செயலாளர். என் தகுதி, வீட்டில் கணினியும் பிரிண்டரும் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நோட்டீஸ் அடித்துப் படிக்கட்டுக்குக் கீழே ஒட்டுவேன்.

பிளம்பர் மொட்டை மாடியிலிருந்து குழாயை இறக்கிக்கொண்டே வந்து தரையில் நின்றார்.

“சார், பைப்பு வந்துட்ச்சு. இதுக்கு மேல எங்க வுடணும்? குழி எங்க கீது?”

“மண்ணுக்குள்ள விடுப்பா” என்றார் செயலாளர்.

“எத்தினி அடி?”

“ஒரு அடி போதும். ஆடாம நின்னா சரி.”

பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

சோதனைக்கு வந்தவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. “பைப் இருக்குல்ல?” என்று கேட்டார். இருந்தது. எழுதிக்கொண்டு போனார். அன்று மாலையே ‘நமது வளாகத்தில் மழைநீர் சேகரிப்புத் திட்டம் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது’ என்று நோட்டீஸ் ஒட்டினேன். ‘வெற்றிகரமாக’ என்ற சொல் நானாகச் சேர்த்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மொட்டை மாடித் தண்ணீர் மொத்தமும் குழாயில் இறங்கி, ஓரடி போய் முட்டி, மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. வந்த இடம் தரைத்தளத்து வீட்டின் பின்வாசல். அங்கே, தாம்பரத்துப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தும் டீச்சர் ஒருவர் மகளோடு வாடகைக்கு இருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போனார். சத்தம் கேட்டு நானும் போனேன். ஆனால் சத்தம் போட்டது செயலாளர்தான். டீச்சர் வகுப்பில் பேசுகிற குரலில்தான் பேசினார்.

“சார், உங்க மாடித் தண்ணிய எல்லாம் என் பெட்ரூம்ல சேகரிச்சு வெச்சிருக்கேன். ஆளுக்கு நாலு பக்கெட் எடுத்துக்கிறீங்களா?”

“என்ன டீச்சர், ஆண்டவன் குடுக்கிற மழை. நாம என்ன பண்ண முடியும்?”

“ஆண்டவர் ஊருக்கெல்லாம்தான் குடுத்தார். என் பெட்ரூமுக்குன்னு தனியா பைப் போட்டது நீங்க.”

மறுநாளே டீச்சர் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தார். பின்புறத்தில் பழைய கிணறு ஒன்று இருந்தது. அடுக்ககம் கட்டியபோது அதன்மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடி, குப்பை கொட்ட வசதியாக ஓர் ஓரத்தில் மட்டும் மூடி விட்டிருந்தார்கள். பலகைமேல் செயலாளரின் கார் நின்றது. கிணற்றைத் தூர் வாரி, மழைக்குழாயை அதில் சேர்த்துவிட்டால் போதும் என்றார் டீச்சர்.

“அப்போ கார எங்க நிறுத்துறது?” என்று செயலாளர் கேட்டார்.

“தெருவுல நிறுத்துங்க சார். அதுக்கு என்ன, தண்ணியா குடிக்கணும்?”

கார் நகரவில்லை. மூன்று வாரம் கழித்து டீச்சர் என் வீட்டுக்கு வந்து, “நீங்க ஒரு நோட்டீஸ் போட முடியாதா சார்?” என்று கேட்டார். அவர் போன பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாகச் செயலாளரிடம் கேட்காமல் ஒரு நோட்டீஸ் அடித்தேன். மழைநீர் சேகரிப்பு மறுசோதனைக்கு வருகிறார்கள், இம்முறை குழாயின் அடிவரை தோண்டிப் பார்ப்பார்கள் என்று. அத்தனையும் பொய். தெருவில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோதும் டீச்சர் வீட்டில் வெள்ளம் வந்தபோதும் கலங்காத மனிதர், அதைப் படித்துவிட்டு அரை மணி நேரத்தில் காரை எடுத்தார்.

பலகையை நகர்த்தித் தூர் வாரியபோது சிமெண்ட் மூட்டைகள், டியூப் லைட்டுகள், செருப்புகள், பாதி மிக்ஸி என்று வரிசையாக மேலே வந்தன. கடைசியில் கயிறு கட்டி ஒரு வெஸ்டர்ன் க்ளாசெட்டைத் தூக்கினார்கள். “இத எவன் சார் கெணத்துல போட்டது?” என்றார் பிளம்பர். வெளிர்பச்சை நிறம். என் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தபோது கழற்றியது. ‘எங்கியாவது போட்டுடுப்பா’ என்று கொத்தனாரிடம் சொல்லியிருந்தேன். அன்று முழுவதும் நான் ஜல்லியும் கரியும் மணலும் சுமந்து வடிகட்டும் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். இணைச் செயலாளருக்கு என்ன சிரத்தை என்று டீச்சர் பாராட்டினார்.

அடுத்த மழைகளில் டீச்சரும் மகளும் மொட்டை மாடியைப் பெருக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே போகவிட்டு, அடுத்ததைத்தான் கிணற்றுக்குத் திருப்புவார்கள். சித்திரையில் தெருவே லாரிக்காகக் குடங்களோடு நின்றபோது எங்கள் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. அந்தத் தண்ணீரில் போட்ட டீயில் பால் பாலாகவே இருந்தது. செயலாளர் இரண்டு டம்ளர் குடித்தார். குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு நோட்டீஸ் ஒன்று சொன்னார்: கிணறு வீட்டு உரிமையாளர்களின் பொதுச்சொத்து, வாடகைக்கு இருப்பவர்கள் செயலாளரின் அனுமதி பெற்று நாளொன்றுக்கு இரண்டு குடம் எடுத்துக்கொள்ளலாம்.

எட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தது டீச்சர் மட்டும்தான்.

நான் அதை அடிக்க மறுத்தேன் என்று எழுத ஆசைதான். அடித்தேன். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக வைத்தேன். என் எதிர்ப்பு அவ்வளவுதான். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் ஒரு சந்திப்பிழையைத் திருத்தினார். பிறகு என்னிடம், “தண்ணி ஓனருங்களோடதுன்னா மாடியப் பெருக்குறதும் ஓனருங்களோடதுதான், இல்ல சார்?” என்றார். ஆமாம் என்றேன்.

அந்த ஐப்பசியில் மாடியை யாரும் பெருக்கவில்லை. வேப்பிலையும் புறா எச்சமும் குழாய் வாயை அடைத்துக்கொள்ள, தண்ணீர் மாடியிலேயே குளமாக நின்று, செயலாளர் வீட்டுக் கூரை வழியே அவருடைய சோபாவில் இறங்கியது. கொட்டுகிற மழையில் அவர் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“டீச்சர், கொஞ்சம் மேல வந்து பாருங்களேன்.”

“பெர்மிஷன் இல்லாம எப்படி சார்?” என்றார் டீச்சர். கொஞ்ச நேரம் அவரை நிற்க வைத்தார். பிறகு உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். “பைப் வாய் கிட்டேருந்து பெருக்கிட்டே வாங்க. நான் நின்னு சொல்றேன்.”

செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருக்கினார். நான் குடை பிடித்தேன், டீச்சருக்கு. இறங்கி வரும்போது செயலாளரே அந்த நோட்டீஸைக் கிழித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து டீச்சர் பொழிச்சலூரில் சொந்தமாக வீடு கட்டிப் போனார். கடைக்காலுக்கு முன்பே மழைநீர்க் குழியைத் தோண்டச் சொன்னாராம். குடிபோன அன்று எல்லோரையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். ஜெபம் முடிந்ததும் செயலாளர், டீச்சரின் பள்ளி ஆசிரியர்களைச் சுற்றி நிறுத்தி, எங்கள் அடுக்ககத்தில் மழைநீர் சேகரிப்பைத் தாம் கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காரை நகர்த்திய தியாகமும் அதில் வந்தது.

பிளம்பர் என் பக்கத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். “இன்னா சார், கெணத்த இவுருதான் தோண்டுனாரா?” என்றார் மெதுவாக.

டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டே எங்களுக்குப் பிரியாணி வைத்தார். பிளம்பர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தார். அந்தப் பச்சை க்ளாசெட் யாருடையது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கிணற்றுக் கதையைத் திருத்தப் போனால் அதுவும் வெளியே வரும். நான் தலை குனிந்து சாப்பிட்டேன்.